காதர் பாய் கிணற்றுக்கு எட்டு வருஷம்

மண்ணின் ஒரு பக்கம் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, அது மறுபக்கம் எப்போது வந்து சேரும் என்று பாட்டிலும் கையுமாகக் காத்திருப்பதுதான் எழுபதுகளில் என் உத்தியோகம். ஆய்வுக்கூடங்களில் குப்பை கொட்டிய அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

கலங்கிய குழாய்

எங்கள் ஆய்வுக்கூடம் செங்கல்பட்டில். கடலோரக் கிராமமான கடப்பாக்கத்து மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே உப்புத் தண்ணீர் விட்டால், அடியில் உப்பு தலைகாட்ட மூன்று நாள் ஆகும். ஒரு நாள் அவசரத்தில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன். முதலில் கலங்கலாக வந்தது. பொடி மண் அரித்துக்கொண்டு போயிற்று. ஒரு மணி நேரத்தில் உப்பும் வந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாள் எங்கே, ஒரு மணி நேரம் எங்கே?

சீனியர் முருகேசன் எட்டிப் பார்த்தார். "நீ சரியா அடைக்கல மச்சான். கொட்டிட்டு வேற அடை, இதெல்லாம் நோட்ல ஏத்தாத."

புது மோட்டார்

நானும் ஏற்றவில்லை. மூன்று நாள் கணக்கோடு கடப்பாக்கம் போனேன். அங்கே டீக்கடை காதர் பாயின் கிணறுதான் தெருவுக்கே குடிதண்ணீர்; வேறு கிணறு கிடையாது. பக்கத்தில் புதிதாக உப்பளம் வந்திருந்ததால் பாய்க்குப் பயம். நான் உப்பளத்திலிருந்து கிணறு வரை உள்ள தூரத்தைக் குழாயின் மூன்று நாள் கணக்கால் பெருக்கிப் பார்த்து, உப்பு வர எட்டு வருஷம் ஆகும் என்று அடித்துச் சொன்னேன்.

பாய் புது மோட்டாரைப் போட்டுக் காட்டினார். வாளியின் அடியில் பொடி மண் படிந்தது. கிணறு சுத்தமாகிறது, நல்லதுதான் என்றேன். அந்தக் குழாய் எனக்கு ஞாபகமே வரவில்லை. பாயின் முகம் தெளிந்தது. "படிச்சவரு சொல்றீங்க, அப்பால இன்னா சார் கவல?"

திரிந்த டீ

நாலு மாதம் கழித்துப் போனபோது, பாய் கொடுத்த டீ திரிதிரியாக இருந்தது. வாயில் வைத்தேன், கரித்தது. கிணற்றடிக்கு ஓடி ஒரு கை அள்ளிக் குடித்தேன். அதுவும் உப்பு. மோட்டார் இழுத்த இழுப்பில் பொடி மண்ணெல்லாம் அரித்துப் போய், உப்புக்கு நேர்வழி விட்டிருந்தது. குழாய் அன்றைக்கே சொன்னது இதைத்தான். தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்ன தெருக்காரர்களோடு பாய் என் பேரைச் சொல்லிச் சண்டை வேறு போட்டிருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் எனக்கு சமாதானம் சொன்னார். "ரெண்டு மாசமா பால் திரிஞ்சிகினே கீது சார். நீங்கதான் எட்டு வருசம்னீங்களே, அதான் ரெண்டு பால்காரன மாத்திட்டேன்."

உண்மையைச் சொன்ன குழாயைக் கொட்டிக் கழுவியவன் நான். வாடிக்கை போனதோ அந்த இரண்டு பால்காரர்களுக்கு.