அக்காவுக்குப் பிடித்த கரண்ட்

கப்பல்துறையில் எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்தும் நாங்கள் விளக்கு வைத்துத்தான் படித்தோம். ஆகவே, அக்காவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தலையில் கரண்ட் பிடிக்கப்போகிறார்கள் என்று அம்மா சின்னம்மாவிடம் அழுதபோது, எனக்கு எரிச்சல்தான் வந்தது. கரண்டும் முதலில் அவளுக்குத்தான்.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. மூன்று மாதமாக அவள் பேசவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து சுவரைப் பார்ப்பாள். அம்மா ஊட்டிவிடுவா. முட்டைக்கோப்பி அவளுக்கு, அம்மாவின் கட்டிலில் இடம் அவளுக்கு. நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். சின்னம்மா காதைத் திருகினா.

ஒரு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். புதுச் சட்டை, கையில் அப்பிள். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், சிரித்தாள். அம்மா அவளை விட்டு அகலவேயில்லை. வருத்தம் மாறினால் அம்மா எனக்குத் திரும்பக் கிடைப்பா என்று காத்திருந்த நான் ஏமாந்துபோனேன்.

அந்த நாட்களில்தான் அலுமாரிக்குள் இருந்த அவளுடைய கைமணிக்கூட்டை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அக்கா கண்டுவிட்டாள்.

"ஆற்றை மணிக்கூடு இது?"

நான் திகைத்துப்போனேன். அவள் விளையாடவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"என்ரை. அப்பா வாங்கித் தந்தவர்."

"வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அவளிடமிருந்து ஒரு பொருளை மட்டுமல்ல, அப்பா அதை வாங்கிக் கொடுத்த நாளையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டா.

"கள்ளி! கொக்கா சோதினை பாஸ் பண்ணினதுக்கு அப்பா வாங்கிக் குடுத்ததெல்லோ இது? அவள் வருத்தமாய்க் கிடக்க நீ எடுத்துக் கட்டுறியோ?"

அடிக்க ஓங்கிய கையை, குசினியிலிருந்து ஓடிவந்த அக்கா தடுத்தாள்.

"அடியாதேங்கோ அம்மா. நான்தான் கட்டச் சொல்லிக் குடுத்தனான்."

"உனக்கு ஞாபகம் இருக்கோ, பிள்ளை?" என்று அம்மா அவள் முகத்தையே பார்த்தா.

"ஓம். ஏன் இல்லாமல்?"

அவள் பொய் சொல்கிறாள் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுந்தான் தெரியும். என்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் கிணற்றடியில் என்னைப் பக்கத்தில் இருத்தி, மெல்லக் கேட்டாள்: "நான் வேறை என்னென்ன மறந்துபோனன்? எனக்கு மட்டும் சொல்லு. அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை. திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுபோயிடுவினம்."

அம்மாவுக்கும் தெரியாத ஒரு இரகசியம் எனக்கும் அக்காவுக்கும். நான் பூரித்துப்போனேன். அந்த வருடம் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். எனக்கு வசதியாக, நடக்காததையும் இடையிடையே சேர்த்துக்கொண்டேன். அக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பாடமாக்கினாள். அப்பா படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் சட்டென்று நிறுத்தினாள். என் தோளைப் பிடித்து என்னோடு ஒட்டிக்கொண்டாள்.

குளிராக்கும் என்று நினைத்தேன்.