உள்ளான் நிற்கும் தரை

வீரபாண்டியனைப் போல ஓர் உம்மணாமூஞ்சியை நான் பார்த்ததில்லை. கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பத்துக் கேள்வி கேட்டால் அரைப் பதில் வரும். முதலில் எனக்குக் கோபம்தான். அவர் மனைவி சுந்தரி கதையைச் சொன்ன பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் இந்த இடத்தில் ஏது வீடு? கங்கைச் சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டி ஏரியைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் அவர் மேஸ்திரி. கொட்டிய சேறு காய்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைத்த அடையாளம் உள்ளான். குளிர்காலத்தில் வடக்கே வெகுதூரத்திலிருந்து கூட்டமாக வந்து, சேற்றில் மூக்கைக் குத்திப் புழு தின்னும் சின்னப் பறவை. மூக்கு இறங்குகிற ஈரம் இருக்கும்வரை நிற்கும். தரை இறுகினால் போய்விடும்.

இஞ்சினியர் சிவராமகிருஷ்ணன் தினமும் லேக் கார்டன்ஸிலிருந்து ஜீப்பில் வந்து, "காஞ்சுடுத்தா?" என்பார்.

"இல்லீங்க சார், உள்ளான் நிக்குது" என்பார் இவர்.

ஒவ்வோர் இடமாக இறுகி, கடைசியில் ஒரே ஒரு ஈரத் துண்டு மிஞ்சியது. சுற்றுவட்டாரத்து உள்ளான் எல்லாம் அதில் வந்து நெருக்கியடித்தன. வாய் திறக்காத மனிதர் அன்று வாய் திறந்தார்.

"சார், சைத்ர மாசம், நம்ம பங்குனி வரைக்கும் இத விட்ருங்க. இங்க தின்னு கொழுத்தாத்தான் அதுக ஊரு போய்ச் சேரும்."

இஞ்சினியர் சிரித்தார். மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார், தரை காய்ந்தாக வேண்டும். உள்ளான் இல்லாவிட்டால் காய்ந்தது என்று இவர்தானே சொல்லிக்கொடுத்தார்? காளி பூஜைக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசைக் கொளுத்தச் சொன்னார். பறவைகள் கிளம்பின. மேலதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். அவர் ஜீப் மறைவதற்குள் பறவைகள் திரும்ப இறங்கிவிட்டன. எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. சுந்தரிக்கு வரவில்லை.

பிறகு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க உத்தரவு வந்தது. ஆள் வைத்து வெட்டியவர் வீரபாண்டியனே. நீர் வடிந்த பின்னும் சில உள்ளான்கள் அங்கேயே குத்திக்கொண்டு நின்றனவாம். பிறகு அவையும் இல்லை. "காஞ்சுடுத்தா?" என்று கேட்டதற்கு இவர் பதில் சொல்லவில்லை. வேறொரு மேஸ்திரி சொன்னார். வீட்டுக்கு வந்தவரிடம் மனசு கஷ்டமா என்று சுந்தரி கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமே தோணல" என்றாராம். அழுதிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன் என்றார் சுந்தரி.

பல வருடம் கழித்து அவருக்கு வீடு ஒதுக்கினார்கள். வந்து பார்த்தால் அதே துண்டு நிலம்.

எண்பத்திரண்டு தை மாதம், ஒரு மாலை. எதிர் மைதானத்தில் ஏழெட்டு உள்ளான்கள் வந்து இறங்கின. "ஏங்க, ஒங்க உள்ளான் வந்துருக்கு" என்று சுந்தரி அவரை வராந்தாவுக்கு அழைத்தார். எங்கள் வராந்தாவிலிருந்து பார்த்த எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்று குத்திப் பார்த்தது. மூக்கு இறங்கவில்லை. நகர்ந்து இன்னோர் இடத்தில் குத்தியது. அங்கேயும் இறங்கவில்லை. எல்லாம் எழும்பிப் போய்விட்டன.

வீரபாண்டியன் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கேட்கவில்லை.

"காஞ்சிருச்சு" என்றார்.