ஒரு போர்வை, இரண்டு துளிகள்

பணி ஆணை அவளை இப்படி வர்ணித்தது: “தற்காலிக நிலைப்பு அலுவலர். பானங்கள் பிரியாமல், திரியாமல், நெடுநாள் நிலைத்திருப்பதை உறுதிசெய்பவர்.” நின்ற இடத்தில் நிற்கத் தெரியாததால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர்.

“உங்க வேலையே நிலைக்கல அண்ணி, நீங்க எதை நிலைக்க வைக்கப்போறீங்க?” என்பாள் கணவனின் தங்கை.

“நீகூடத்தான் உடம்பைக் குறைக்கப்போறேன்னு சொல்றே. நான் ஏதாவது கேட்டேனா?”

ஆனால் கேலியில் உண்மை இருந்தது. நோயாளிகளுக்காகத் தயாரித்த பால் பானத்தில் எண்ணெய் வெள்ளைத் திட்டுகளாகத் திரண்டு மேலே வந்தது. மாத முடிவுக்குள் சரியாகாவிட்டால் பானமும் இல்லை, அவளும் இல்லை.

மேலாளர் நல்லவர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருந்தார்: “இன்னும் நைசா உடைம்மா.” எண்ணெயைத் துளிகளாக உடைக்கும் இயந்திரத்தின் அழுத்தத்தை ஏற்றினார்கள். பானம் முன்னைவிட மோசமாகத் திரண்டது.

நைசாக்க நைசாக்கக் கட்டிதட்டுவானேன்? அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டதும், வேலை போகும் பயம்கூடச் சற்று ஒதுங்கி வழிவிட்டது.

பால் புரதத்தின் குணம் அவளுக்குத் தெரியும். தண்ணீரில் இருக்கும்வரை நூல்கண்டுபோல் சுருண்டு, தண்ணீர் பிடிக்காத பக்கத்தை உள்ளே ஒளித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளியைத் தொட்டதோ இல்லையோ, நூல்கண்டு அவிழும். ஒளித்ததெல்லாம் எண்ணெய்ப் பக்கம் திரும்பும். துளிமேல் படர்ந்து, பக்கத்துப் புரதத்தோடு கைகோத்துத் தோலாகிவிடும். அப்புறம் பழைய உருவம் லேசில் வராது. பாடப்புத்தகம் இதை ‘இயல்பிழப்பு’ என்கிறது. இழந்தது எது என்று அவளுக்கு விளங்கியதில்லை. புகுந்த இடத்தில் ஒருவழியாகக் காலூன்றியது என்றுதான் தோன்றும்.

திட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சோப்புக் கரைசலில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள். துளிகள் ஒன்றோடொன்று கலந்து பெருத்திருந்தால் சோப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் கட்டி கலைந்தது. பொடித் துளிகள் பள்ளிக்கூடம் விட்டதுபோல் சிதறி ஓடின.

“இங்க பாருங்க சார். துளி எதுவும் ஒண்ணாகல. சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.”

“ஏன் ஒட்டுது?”

“போர்வை பத்தல சார். உடைக்க உடைக்க மூட வேண்டிய பரப்பு கூடுது. புரதம் அதே அளவுதான். ஒரே போர்வையை ரெண்டு பேர் இழுத்தா?”

மேலாளர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒட்டித்தான் படுக்கணும். எங்க வீட்டுல நடக்கிறதுதான். சரி, புரதத்தைக் கூட்டிட்டா?”

“பசையாட்டம் தடிச்சிடும். நோயாளி துப்பிடுவாங்க.”

மாத முடிவில் புட்டிகளில் திட்டு இல்லை. வேலை நிரந்தரமாயிற்று. புதிய ஆணையைக் கணவனின் தங்கை உரக்கப் படித்தாள்: “‘கடும் அழுத்தத்தைத் திறம்படக் கையாண்டமைக்காக’வாம்! அண்ணி, யாரு, நீங்களா?”

அவள் இயந்திரத்தின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள்.