அப்பாவின் துடக்கு

பிள்ளைகளே, ஒவ்வொரு காலையும் நான் ஒரு கிழவரின் கதவைத் தட்டிவிட்டு வெளியில் காத்து நிற்கிறேன். அந்தக் கட்டிடத்தின் எல்லாக் கதவுகளுக்கும் என்னிடம் திறப்பு உண்டு. ஆனாலும் அவர் "கம் இன்" என்று சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. லண்டனில் வயதானவர்கள் ஆளுக்கொரு அறையில் இருக்கும் அந்த இடத்தை ஷெல்டர்ட் ஹவுசிங் என்பார்கள். நான் அங்கே அவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் கேரர். வேலைக்குப் போன புதிதில் ஊர்ப் பழக்கத்தில் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி உள்ளே போனேன். அவர் கத்தினார். விழுந்துவிட்டாராக்கும் என்று ஓடிப்போய்த் தூக்கினேன். கள்ளன் வந்துவிட்டான் என்று நினைத்துக் கைத்தடியால் என் முழங்காலில் அடித்தார். இன்றைக்கும் சில நாட்களில் என் நிறத்தைச் சொல்லி ஏசுவார். ஏசட்டும். இடுப்பைத் துவாயால் மூடி, தண்ணீரின் சூட்டை முதலில் அவர் கையில் காட்டித்தான் கழுவுவேன். வேலை அப்படி.

ஊருக்குப் போன நான் என் அப்பாவை, உங்கள் அப்பப்பாவை, ஏன் அங்குள்ள முதியோர் இல்லத்திலிருந்து கூட்டிவரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்கினவர். பின்னேரம் மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். கிணற்றடியில் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டி அதற்குள் நின்றுதான் குளிப்பார். வெறும் மேலோடு அவரை நான்கூடக் கண்டதில்லை. அப்பம்மா செத்துப்போன பிறகு அவருக்கு மறதி வந்தது. துறைமுகப் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அனுப்பிய படங்களில் கட்டில் விரிப்பு வெள்ளையாக இருந்தது.

இந்த முறை பாலையூற்றில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் பேசிவிட்டு, கூட்டிவரப் போனேன். அது குளிப்பாட்டும் நாள். முற்றத்துச் சீமெந்தில் கிழவர்களின் உடுப்பை உரிந்துவிட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ரவி என்ற வேலைக்காரன் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான், வாகனம் கழுவுகிற மாதிரி.

"திரும்பு பெரிசு! அங்கால, அங்கால. பொம்பிளை பாக்க வந்திருக்கிற மாதிரி வெக்கப்படுறார் பார்!"

ஒரு கையால் முன்னுக்கு மறைத்துக்கொண்டு நின்றவர் அப்பா. தலை மொட்டை. மீசையும் இல்லை. பேன் பிடிக்கிறது, கழுவ லேசு என்று எல்லாருக்கும் ஒரே நாளில் வழித்துவிடுவார்களாம்.

நான் ஓடிப்போய்த் துவாயால் சுற்றி, பக்கத்தில் இருந்த அறைக்குக் கூட்டிப்போனேன். லண்டனில் பழகின வாய், "அப்பா, நான் துடைக்கலாமோ?" என்று கேட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி ஆர்? ஆஸ்பத்திரியோ?"

"அப்பா, நான் உங்கட மகன் சிவா."

"பகிடி விடாதேங்கோ தம்பி. செத்த வீட்டில பகிடி விடுறதோ?" தன் தலையைத் தடவிக் காட்டினார். "என்ர சிவா வெளிநாட்டில செத்துப் போட்டான். நான்தான் கொள்ளி வச்சனான் போல. மொட்டை அடிச்சு விட்டிருக்கினம்."

வாசலில் நின்ற ரவி விழுந்து விழுந்து சிரித்தான். "ஓம் அண்ணை, போன மாசமும் நீங்கள் செத்தனீங்கள். மயிர் முளைச்சா உங்களுக்கும் உயிர் வந்திடும்."

நான் ஏசினேன். அவன் அசையவில்லை. "வெள்ளைக்காரனுக்குக் கழுவிப்போட்டு வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறீங்கள். நாளைக்குப் பிளேன் ஏறிடுவீங்கள். இவற்ற பீயை ஆர் அள்ளுறது?"

அப்பாவின் கையைப் பிடித்து, "வாங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "துடக்கோட மற்றவையின்ர வீட்டுக்க வரலாமோ? அந்தியேட்டி முடியட்டும் தம்பி."

பிள்ளைகளே, நம்மவரில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டாருக்குத் துடக்கு, அதாவது சாத் தீட்டு. பிறர் வீட்டு வாசல் மிதிக்கமாட்டார்கள். தன் பெயரை மறந்த மனிதன் அதை மட்டும் மறக்கவில்லை. தூக்கி, வாசலில் நின்ற வான் வண்டியில் ஏற்றப் பார்த்தேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையைச் சாகக் குடுத்தவனை ஏனப்பா இழுக்கிறியள்?" என்று குழறி அழுதார். விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் அவர் தலையைத் தடவிப் பார்த்தார். நான் புதிதாகச் செத்தேன்.

லீவு முடிந்த அன்று கதவை மூடி, சுடுதண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார். பிறகு கேட்டார்: "தம்பிக்குத் தாய் தேப்பன் இருக்கினமோ?"

"அப்பா இருக்கிறார்."

"எங்க?"

"தூரத்தில."

"பிறகேன் இங்க நிண்டு எனக்குத் தண்ணி வாக்கிறீங்கள்? போய் அந்த மனிசனைப் பாருங்கோ. என்ர பொடியன் வராமலே செத்துப் போட்டான்."

துடைத்து உடுத்திவிட்டதும், என் முதுகில் கைவைத்து வாசல் கேற்றுவரை தள்ளிக்கொண்டு வந்தார். தகப்பனிடம் போகிற ஒரு நல்ல பொடியனை அனுப்பிவைக்கிற சந்தோசம் அவர் முகத்தில் இருந்தது. நான் வெளியில் போனதும் கேற்றைத் தானே இழுத்துச் சாத்தினார். எயார்போட் போகும் வான் தெரு முனையில் திரும்பும்வரை கம்பிக்குள்ளால் கையை நீட்டி, "கெதியாய்ப் போங்கோ, கெதியாய்" என்று அவசரப்படுத்திக்கொண்டே நின்றார்.