வாரம் முழுக்கக் கறுப்பு உருண்டை

நோட்புர்காவின் அப்பா ஏரியில் வலை வீசினவர். அதற்கு முந்தின தலைமுறையிலேயே ஊருக்கு ரயில் வந்து, மடத்தின் தானியக் கிடங்கு உள்ளாடை ஆலையாகிவிட்டது. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அதற்குள்தான். பதினாலு வயதில் போன நோட்புர்காவுக்கு இப்போது முப்பத்தாறு. துணியைத் தடவிப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

துணித் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்த போர் முடிந்து ஒன்பது வருஷமாகியும் ஆலையிலிருந்து பனியன்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. அதனால் சாயங்காலம் வாசலில் காவல்காரர் ஜேனோ ஒரு துணிப்பையை நீட்டுவார். உள்ளே இருபது மர உருண்டைகள். பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் வீட்டுக்குப் போகலாம். கறுப்பு வந்தால் கைப்பையைக் கவிழ்த்துக் காட்டவேண்டும்.

அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளிவரை அவளுக்குக் கறுப்புதான் வந்தது.

"என்னக்கா, அந்த உருண்டைக்கும் உங்களுக்கும் கல்யாணமா?" என்றாள் பக்கத்து மேஜை லியோபா. பெண்கள் சிரித்தார்கள்.

நோட்புர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் நாற்காலி காலி. இவளா லியோபாவா என்று சனிக்கிழமை முடிவாகும். ஜேனோ யார்? லியோபாவின் அக்கா புருஷன். இதற்குமேல் என்ன வேண்டும்?

"பையைக் கொட்டுங்க ஜேனோ. எத்தனை கறுப்பு போட்டு வெச்சிருக்கீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"நீங்க மட்டும் என்னைச் சந்தேகப்படலாமாக்கும்!"

கொட்டினார். பத்தொன்பது வெள்ளை, ஒரே ஒரு கறுப்பு. நோட்புர்காவின் முகம் செத்துவிட்டது. அவளே குனிந்து அள்ளிப் போட்டாள். கறுப்பு உருண்டையில் விரல் நின்றது. அதில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

பாழாய்ப்போன விரல்! பைக்குள்ளும் பழுதைத்தான் தேடிப் பிடித்திருக்கிறது. சொல்லிவிடலாமா? சொன்னால், "அப்ப வேணும்ங்கிறப்ப வெள்ளையும் எடுப்பே, இல்ல?" என்பார்கள். பையின் வாயை இறுக்கி ஜேனோவிடம் கொடுத்தாள்.

சனிக்கிழமை வாசலில் மேனேஜரே நின்றார். நோட்புர்கா பைக்குள் கைவிட்டாள். சில்லு பெயர்ந்த இடம் விரலில் பட்டது. விலக்கிவிட்டு வழவழப்பான ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

ஜேனோ கண்ணைச் சுருக்கினார். "வாரம் பூரா கறுப்பு. ஐயா நிக்கிற அன்னைக்கு மட்டும் வெள்ளையா? நேத்து அள்ளிப் போட்டப்ப என்ன பண்ணினே? கைப்பையைக் கவிழ்."

ரொட்டி சுற்றிய துணியும் காலிக் குடுவையும் விழுந்தன. வேறு எதுவுமில்லை. ஆனாலும் மேனேஜர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரம் முழுக்க அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, அன்றைக்குத்தான் செய்தாள். அதனால் அவளால் மேனேஜரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் லியோபா உட்கார்ந்திருந்தாள்.