கொதிக்கக் கொதிக்க வெந்நீர்

என் அண்ணன் கோவிந்தன் இறந்து இருபத்திரண்டு நாளாகிறது. அடுகோடியில் அவனைத் தெரியாத லாரிக்காரர்கள் இல்லை. ஆனால் கண்டோன்மெண்டின் பெரிய பட்டறைகளில் அவனுக்கு வேறு பெயர்: திருடன். அதை வைத்தவர் அனந்தபத்மநாபன், சர்க்காரில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

1956 மார்கழியில் அவருடைய கறுப்பு ஹில்மன் கார் காலையில் கிளம்பும், குளிரில் கிளப்புவதற்காக இழுத்த சோக்கை உள்ளே தள்ளியதும் உதறி நின்றுவிடும். அண்ணன் வேலை பார்த்த பட்டறைக்கு ஓடி வருவதற்குள் என்ஜின் சூடாகிவிடும். அங்கே ஒரு உதறலும் இல்லாமல் சீராக ஓடும். விடியற்காலையில் வீட்டுக்கே வந்து பார்க்கட்டுமா என்று அண்ணன் கேட்டான். மெக்கானிக்கெல்லாம் கேட்டுக்குள் வரவேண்டாம் என்றார். மறுநாளே, கார்புரேட்டரிலிருந்த புது ஜெட்டுகளைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டான் என்று முதலாளியிடம் புகார் சொன்னார். ஜெட் என்பது சுண்டுவிரல் நகம் அளவு பித்தளைத் துண்டு. அதற்காக அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள். ஸ்ரீராம்புரத்தில் நிச்சயம் செய்திருந்த வள்ளியம்மாவின் வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவன் கல்யாணப் பேச்சே எடுக்கவிடவில்லை. அடுகோடியில் வீட்டு வாசலிலேயே பட்டறைக்குத் தகரக் கொட்டகை போட்டான். என்னை பி.ஏ. படிக்க வைத்தான்.

ஐந்து வருஷம் கழித்து அதே ஹில்மன் கொட்டகை வாசலில் வந்து நின்றது. எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியவில்லையாம். அவருக்கு அண்ணனின் முகம் நினைவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

"சூடான என்ஜின் பொய் சொல்லும் சார். ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றான் அண்ணன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அனந்தபத்மநாபன் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். தினமும் வீட்டில் செய்கிறபடியே செய்யச் சொல்லி டிரைவர் நோயலிடம் அண்ணன் சொன்னான். நோயல் என்னிடம் வந்து, "அக்கா, ஸ்வல்ப வெந்நீர் கொடுங்க" என்றார். என்ஜின் மேல் ஊற்றக் கொஞ்சம் வேண்டுமாம். ஐயாவின் உத்தரவு, வண்டி வாங்கின நாளிலிருந்து குளிர்காலம் முழுக்க அப்படித்தான்.

நான் கொண்டுபோன கெட்டிலை அண்ணன் வாங்கிக் கீழே வைத்தான். வெந்நீர் இல்லாமலே கிளப்பச் சொன்னான். சோக்கைத் தள்ளியதும் என்ஜின் திணறியது. கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டுக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் எண்ணெய்க் குப்பியால் நாலு சொட்டு விட்டான். எண்ணெய் உள்ளே இழுபட்டது. உதறல் சட்டென்று அடங்கியது.

தூக்கியிருந்த பானெட் எங்களை மறைத்திருந்தது. அண்ணன் என் காதருகே சொன்னான்: "கேட்டியா சரளா? காத்து இங்க புகுந்துக்குது. சில்லுனு இருக்கிற இரும்பு மேல வெந்நீர ஊத்தி ஊத்தி வளைச்சிட்டான். சூடானா இரும்பு உப்பி இடுக்கு மூடிக்குது. கார்புரேட்டர் மேல தப்பே இல்ல."

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். பின் சீட்டு ஜன்னலருகே போய்த் தான் யாரென்று சொன்னான். கோளாறு தெரிந்துவிட்டது, அரை நாள் வேலை, கூலி வேண்டாம், தான் திருடவில்லை என்று, தன்னை வெளியே அனுப்பிய பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றான்.

"பழசையெல்லாம் எதுக்குப்பா கிளறறே? மெக்கானிக்குக்கெல்லாம் நான் லெட்டர் எழுதிண்டிருக்க முடியுமா?"

அண்ணன் பானெட்டை மூடி, கோளாறு என்னவென்று சொல்லாமலே வண்டியை அனுப்பினான். அதன் பிறகு இரண்டு மார்கழி போயிற்று. குளிர் கடுமையான காலைகளில் காபி குடித்தபடி, "இந்நேரம் ஊத்திக்கிட்டிருப்பாங்க" என்பான். அவன் சிரித்துப் பார்த்தது அப்போது மட்டும்தான். பிறகு இந்த டைபாய்டு வந்தது.

இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது வாசலில் ஹில்மன். தூறலில் அனந்தபத்மநாபன் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தாராம். அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தமாகச் சொன்னார். மூன்றாவது வார்த்தை வண்டியைப் பற்றி. என்ன கோளாறு என்று அவன் உன்னிடம் சொல்லியிருப்பானே, நீ படித்த பெண் ஆயிற்றே என்றார்.

"சொல்லியிருக்கான் சார். லெட்டர் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அவன்தான் போய்ட்டானேம்மா. இனிமே லெட்டர் யாருக்கு?"

"எனக்கு."

அவர் போய் வண்டியில் உட்கார்ந்தார். தூறலில் ஆறிப்போயிருந்த என்ஜின் கிளம்பியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. மூன்றாம் முறை நின்றதும் நோயல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, ஸ்வல்ப வெந்நீர்."

அடுப்பில் விறகை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவசரப்படவில்லை. தளதளவென்று கொதிக்கவிட்டு, அன்று அண்ணன் வாங்கிக் கீழே வைத்த அதே கெட்டிலில் நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.