கைகூடாத சொல்

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு டொச் மொழி ஏறவில்லை. கீழ்வீட்டுக் கம்போடியாக்காரிக்கும் அப்படித்தான். படிக்கட்டில் சந்தித்தால் கையாலும் கண்ணாலும்தான் கதைப்போம். அவளிடமிருந்து நான் பிடித்துக்கொண்டவை இரண்டே சொற்கள். ஒரு கிண்ணம் பாயாசம் கொடுத்தால் "ஓகுன்" என்பாள், அது நன்றி. படிக்கட்டைக் கழுவும் என் முறை வரும் கிழமையில் ஈரத்தில் மிதித்துவிட்டால் "சோம் தோ" என்பாள், அது மன்னிப்பு. என் காதுக்கு அவை குணம், தோசம் என்றே கேட்டன. எழுத்து அதிகம் அறியாதவள் நான். ஆனால் காதில் விழுந்த சொல்லை விடமாட்டேன்.

அவளுக்குச் சொல் மட்டும் போதாது. கையில் பை இருந்தால் அதைக் கீழே வைப்பாள். இரண்டு கைகளையும் கூப்பி, விரல்நுனி மூக்கருகே வந்த பிறகுதான் வாய் திறப்பாள். ஊன்ட்றொப் கோயில் அம்மனைத் தவிர யாருக்கும் கை கூப்பாத நான், தலையை மட்டும் அசைப்பேன்.

"அம்மா, உங்களுக்கு டொச்சே வராது. அதுக்குள்ள கம்போடியாப் பாசையோ?" என்று மகள் சிரிப்பாள்.

"டொச்சில ஆர் எனக்குக் கை கூப்பினவை?" என்பேன்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே நின்ற தாதி மகளிடம் ஏதோ கவலையாகச் சொன்னாள்.

"என்னவாம்?"

"உடம்பு துடைக்கேக்க எல்லாம் 'டோட், டோட்' எண்டு சொல்லுறாவாம். செத்துப்போறன் எண்டு பயப்பிடுறா போல எண்டு சொல்லுறா."

ஜெர்மனில் டோட் என்றால் செத்தது.

"சாவில்லைப் பிள்ளை, அது தோசம். தன்னைத் துடைக்க வைக்கிறதுக்கு மன்னிப்புக் கேக்கிறா. சொல்லு அவவுக்கு."

மகள் சொன்னாள். தாதி கீழ்வீட்டுக்காரியின் தோளைத் தடவி, பரவாயில்லை என்று தன் மொழியில் சொன்னாள். அவள் நிறுத்தவில்லை. என்னைக் கண்டதும் எனக்கும் "சோம் தோ." விழுந்து கிடப்பவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? எப்படியாவது நிறுத்தினால் போதும் என்றிருந்தது. பரவாயில்லைக்கு அவள் மொழியில் என்ன சொல் என்று நான் கேட்டு வைக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய இடக்கையைப் பார்த்தேன். அது ஒற்றையாய் நெஞ்சுவரை எழும்பும், துணை தேடிவிட்டு விழும், மறுபடியும் எழும்பும். கை கூடாததால் அவள் கேட்டது கேட்டதாகவே ஆகவில்லை.

மரக்கட்டைபோல் கிடந்த வலக்கையை எடுத்து அதனோடு சேர்த்தேன். இரண்டையும் என் கைகளுக்குள் பிடித்து மூக்கருகே உயர்த்தினேன். ஒரு தரம் சொன்னாள், மெதுவாக, முழுதாக. பிறகு சொல்லவில்லை.

அன்று நிம்மதியாக வீடு வந்தேன். அடுத்த முறை போனபோது தாதி மகளிடம் சொன்னாள்: அன்றைக்குப் பிறகு அவள் ஒரு சொல்லும் பேசவில்லையாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட வாய் திறப்பதில்லையாம்.

அந்தக் குளிர் முடிவதற்குள் கீழ்வீட்டு அழைப்புமணியில் வேறு பெயர் ஒட்டிவிட்டார்கள். படி கழுவும் கிழமைகளில் அந்த வாசலில் ஈரம் காயும்வரை நிற்கிறேன். யாரும் மிதிப்பதில்லை.